ஒத்த துருவங்கள் ஈர்க்கும்

கோமு டீச்சர் அந்தப் பாடத்தை வாசித்துவிட்டு மட்டும் போயிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. நடுவப்பத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அதுவரை எல்லாரும் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஆசிரியர் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் அதே வரியை ஓடு அதிரத் திருப்பிச் சொல்லும், பாடம் முடிந்துவிடும். அறிவியல் பாடத்துக்கென்று இலாகா கொடுத்த இரண்டு சட்டக் காந்தங்கள் தலைமையாசிரியரின் பீரோவில் தெர்மாகோல் படுக்கையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன. யாரும் தொடாததால் அவை உடையவும் இல்லை. உடையாத பொருளே நல்ல பொருள் என்பது இலாகாவின் கொள்கை.

கோமு சேரன்மாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப் போகிற சமயம். தகுதிகாண் பருவம் முடிந்து, வேலை நிரந்தரம் ஆகிற உத்தரவு வர வேண்டும். புருஷன் நடராஜ் வேலை பார்த்த மில்லைத் தொண்ணூற்று மூன்றிலேயே பூட்டிவிட்டார்கள். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். ஆகையால் அவளுக்குப் புரட்சி, போராட்டம் என்றெல்லாம் எந்த எண்ணமும் கிடையாது. காந்தத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது காந்தத்தைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

அந்த வருஷம் நான்காம் வகுப்புக்கு 'அறிவியல் ஒளி' என்று ஒரு துணை நூல் வந்திருந்தது. மாவட்ட அறிவியல் ஆர்வ வளர்ச்சி மன்றம் என்ற அமைப்பு வெளியிட்டது. அட்டையில் மன்றத்தின் செயலாளரும் நூலின் பதிப்பாசிரியருமான டாக்டர் ஸ்ரீகுமார் ஒரு சோதனைக் குழாயை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் காலி. உள்ளே முதல் பாதி முழுக்க வாழ்த்துரைகள், மீதிப் பாதியில் அறிவியல். அந்த மீதிப் பாதியில் காந்தப் பாடம் இருந்தது. அதில் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது:

'ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். எதிர்த் துருவங்கள் ஒன்றையொன்று விலக்கும்.'

கோமு அதைக் கவனிக்கவில்லை. சின்ன வயசிலிருந்து தெரிந்த விஷயத்தை யார் எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள்? காந்தங்களை எடுத்து, சிவப்பு வர்ணம் பூசிய முனை வடதுருவம், நீல முனை தென்துருவம் என்று காட்டிவிட்டு, வரிசையாக ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். சிவப்பும் நீலமும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டன. சிவப்பும் சிவப்பும் கிட்டே போகவே மாட்டேன் என்றன. நடுவில் கண்ணுக்குத் தெரியாத கன்றுக்குட்டி ஒன்று நின்று தலையால் முட்டித் தள்ளுவதுபோல் இருந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முத்துமாலை மட்டும் புத்தகத்தையும் கையிலிருந்த காந்தத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் ஒன்பது வயசுப் பிள்ளை. அப்பா அப்பாத்துரை கோயில் கொடை விழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ரேடியோ செட்டு வாடகைக்கு விடுகிறவர். கிழிந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் அவள் பைக்குள் கிடக்கும். அதை ஆற்று மணலில் இழுத்து, மீசை மீசையாகக் கருமணலைச் சேர்த்துக்கொண்டு வருவாள்.

"டீச்சர், பொஸ்தகம் பொய் சொல்லுது" என்றாள்.

கோமு வாங்கிப் பார்த்தாள். சிரித்தாள். "அச்சுப் போடுதவங்க மாத்திப் போட்டுட்டாங்கட்டி. எல்லாரும் பென்சில் எடுங்க. ஈர்க்கும்ங்கதை அடிச்சு, விலக்கும்னு எழுதுங்க" என்றாள். முப்பது பென்சில்கள் எழுதின. அந்தச் சிரிப்பை நினைத்தால் பின்னாளில் அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் தலைமையாசிரியர் சங்கரசுப்பிரமணியனிடம் இதைச் சொன்னாள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷமே இருந்த மனிதர். தயிர்ச்சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"அடிச்சு எழுதச் சொன்னியா? அரசாங்கப் பொஸ்தகத்துலயா?"

"தப்பா இருந்தது சார்."

"தப்பா இருந்தா என்னம்மா, உனக்கா வலிக்கி? ரப்பர் வச்சு பைய அழிக்கச் சொல்லிரு. யாருட்டயும் மூச்சு விடாத. குறிப்பா, எழுத்துல எதையும் குடுத்திராத."

மாசக் கூட்டம் ஒன்றிய அலுவலகத்தில் நடந்தது. கூட்டத்தின் கடைசியில் உதவிக் கல்வி அலுவலர் அம்மையப்பன், "யாருக்கும் ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டுவிடுவார். அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்ன வரலாறு இல்லை. அன்றைக்குக் கோமு எழுந்து நின்றாள். சங்கரசுப்பிரமணியன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறையாகக் கண்ணைக் காட்டினார். அவள் பார்க்கவில்லை.

"காந்தப் பாடத்துல ஒரு அச்சுப்பிழை இருக்கு சார். ஒரு வரி திருத்தம் அனுப்பினாப் போதும்."

அம்மையப்பன் சாந்தமான மனிதர். நெற்றி நிறையத் திருநீறு. யாரையும் அதிர்ந்து பேச மாட்டார். கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"எழுதிக் குடுங்கம்மா" என்றார்.

கோமு அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். நல்லது செய்த திருப்தியோடு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் பதில் வந்தது. அது குறிப்பாணை.

'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட நூலின் கருத்துக்கு முரணாகத் தங்கள் பொறுப்பிலுள்ள இரு காந்தங்களும் நடந்துகொண்டதாகத் தெரிய வருகிறது. அவ்வாறு நடந்துகொள்வதைத் தாங்கள் உடனடியாகத் தடுக்கத் தவறியது ஏன் என்பதற்கும், மேற்படி நடத்தையை மாணவ மாணவியர் நேரில் காண அனுமதித்தது ஏன் என்பதற்கும் உரிய விளக்கம் கோரப்படுகிறது.'

கோமு அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இதற்கு என்ன விளக்கம் எழுதுவது? 'காந்தம் அப்படித்தான் நடந்துகொள்ளும்' என்று எழுதினாள். அது அகம்பாவமாகத் தொனிக்கிறது என்று சங்கரசுப்பிரமணியன் கிழித்துப் போட்டார். 'இனிமேல் கவனமாக இருப்பேன்' என்று அவரே சொல்லச் சொல்ல எழுதவைத்து அனுப்பினார். காந்தமா, டீச்சரா, யார் கவனமாக இருப்பது என்று அதில் இல்லை.

இரண்டு நாளில் அம்மையப்பன் தம் ஜீப்பில் நேரிலேயே வந்துவிட்டார். மோரை வாங்கிக் குடித்துவிட்டு, மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

"இங்க பாருங்கம்மா. பொஸ்தகம் மாவட்டம் பூரா போயாச்சு. காந்தம் பள்ளிக்கூடத்துக்கு ரெண்டுதான். எதை மாத்தது லேசுன்னு நீங்களே சொல்லுங்க."

"காந்தத்த எப்படி சார் மாத்தது?"

"அது வல்லுநர் குழு பாத்துக்கிடும். நான் என் நெலமயச் சொல்லுதேன், கேளுங்க. பொஸ்தகத்துல தப்புன்னு நான் மேல எழுதினேன்னு வைங்க. 'வாங்கும்போது பாத்து வாங்கலையா?'ன்னு என்னைய கேப்பான். காந்தத்துல தப்புன்னு எழுதினா எவன் கேப்பான்? காந்தம் வந்து கேக்குமா?"

"ஆனா பிள்ளைங்க தப்பாப் படிக்குமே சார்."

அம்மையப்பனுக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "எம்மா, பிள்ளைங்க என்னத்தையோ படிச்சிட்டுப் போவுது. நாளைக்கு அதுக வயல்ல நாத்து நடும்போது துருவத்தையா பாக்கப் போவுது? நாமல்லாம் இங்கன வேலை பாக்கணும்லா?" என்றார்.

வல்லுநர் குழு வந்தது. மூன்று பேர். டாக்டர் ஸ்ரீகுமார்தான் தலைவர். புத்தகத்தில் பிழை உண்டா என்று ஆராய்வதற்குப் புத்தகத்தைப் போட்டவரைவிடத் தகுதியானவர் யார் இருக்க முடியும் என்று இலாகா கருதியது. இன்னொரு உறுப்பினர் அம்மையப்பன். மூன்றாமவர் ஒரு முதியவர். எந்தத் துறையில் வல்லுநர் என்று கடைசிவரை தெரியவில்லை. காரை விட்டு இறங்கும்போதே தூக்கக் கலக்கத்தில் இருந்தார்.

விசாரணை காலையில் ஆரம்பிப்பதாக இருந்தது. சாப்பாடு வரத் தாமதமானதால் சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஆயிற்று. நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு ஓட்டிவிட்டு, வகுப்பறையில் மேசை போட்டு, மேசை மேல் விரிப்பு விரித்து, விரிப்பின் மேல் குற்றவாளிகளான இரண்டு காந்தங்களையும் வைத்தார்கள்.

"இவை யாரால் வழங்கப்பட்டவை?" என்று ஸ்ரீகுமார் கேட்டார்.

"ஒன்றிய அலுவலகம் சார்" என்றாள் கோமு.

"இதற்கு முன் இவை மேல் ஏதேனும் புகார் உண்டா?"

"இதுக்கு முந்தி யாரும் வெளிய எடுக்கல சார்."

"அப்படியென்றால் வெளியே எடுத்த பிறகுதான் பிரச்சினை." அவர் குறித்துக்கொண்டார்.

பிறகு அவரே காந்தங்களைக் கையில் எடுத்தார். சிவப்பு முனையைச் சிவப்பு முனைக்கு நேராகக் கொண்டுபோனார். கோமு அவர் எதிரேதான் நின்றாள். காந்தம் தள்ள, அவர் விரல்கள் ஒதுங்குவதைப் பார்த்தாள். இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார். காந்தம் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. அவர் கண் ஒரு நொடி அவள் கண்ணைச் சந்தித்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அல்லது எப்போதுமே தெரிந்திருந்தது. காந்தங்களைக் கீழே வைத்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

அவர் தெரியாமல் செய்கிறார் என்றுதான் அதுவரை கோமு நினைத்திருந்தாள். அந்தக் கைக்குட்டையைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

"நீங்கள் இளம் ஆசிரியை. உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன்" என்று ஸ்ரீகுமார் அன்போடு ஆரம்பித்தார். "விஞ்ஞானம் வேறு, பாடம் வேறு. விஞ்ஞானம் யாருக்கும் கட்டுப்படாது. அதனால்தான் அதை வைத்துப் பரீட்சை நடத்த முடிவதில்லை. பாடம் கட்டுப்படும். ஒரு நாட்டுக்குத் தேவை கட்டுப்படுகிற பிள்ளைகள். இந்தக் காந்தம் இன்றைக்குப் புத்தகத்தை மீறும். அதைப் பார்த்து வளர்கிற பிள்ளை நாளைக்கு எதை மீறும்? நான் இந்த நாற்காலிக்கு எப்படி வந்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாளும் ஒரு புத்தகத்தையும் நான் சோதித்துப் பார்த்ததில்லை."

அம்மையப்பன் மெய்மறந்து தலையாட்டினார்.

பிறகு ஓட்டெடுப்பு. ஒத்த துருவங்கள் ஈர்க்கும் என்று இரண்டு கைகள் உயர்ந்தன. மூன்றாமவரைத் தட்டி எழுப்பினார்கள். அவர் விழித்ததும், "சாப்பாடு நல்லா இருந்தது" என்றார். அது ஆதரவு ஓட்டாகச் சேர்க்கப்பட்டது. ஆக, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

குழுவின் அறிக்கை தெளிவாக இருந்தது. நூலில் பிழை எதுவும் இல்லை. காந்தங்களுக்கு வர்ணம் பூசியவர்கள்தான் பிழை செய்துவிட்டார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு காந்தத்தில் மட்டும் சிவப்பு இருக்கிற இடத்தில் நீலமும், நீலம் இருக்கிற இடத்தில் சிவப்பும் அடித்துவிட்டால், சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொள்ளும், சிவப்பும் நீலமும் தள்ளிக்கொள்ளும், நூலின் கருத்து நிலைநாட்டப்படும்.

தேர்தலுக்குச் சுவர் எழுதுகிற கொம்பையா அண்ணாச்சியை அலுவலகமே அனுப்பிவைத்தது. அவர் பள்ளிக்கூட வாசலில் குந்தி உட்கார்ந்து, பீடியைக் காதில் செருகிக்கொண்டு, காந்தத்தைப் பழைய பேப்பர் மேல் வைத்து வர்ணம் அடித்தார். இரும்பு டப்பாவில் காந்தம் போய் ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. "ச்சீ, கழுத, விடு" என்று அதட்டிப் பிய்த்தெடுத்து மறுபடியும் அடித்தார். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தன.

வேலை முடிந்ததும் சங்கரசுப்பிரமணியன் ஒரு தாளை நீட்டினார். 'எனது வேண்டுகோளின்பேரில், எனது முன்னிலையில் வர்ணம் மாற்றப்பட்டது' என்று இருந்தது.

"நான் வேண்டலையே சார்."

"போட்டிரும்மா. நிரந்தரம் ஆகணும்லா? உன் வீட்டு நெலம எனக்குத் தெரியாதா?"

கோமு நடராஜை நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

வர்ணம் காய்ந்தது. சிவப்பும் சிவப்பும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டன. தலைமையாசிரியர் கைதட்டினார். பிள்ளைகளும் தட்டின.

"டீச்சர்" என்றாள் முத்துமாலை. "பெயின்ட் அடிச்சா காந்தம் மாறிருமா?"

"பேசாம இருட்டி!" என்றாள் கோமு. ஒரு பிள்ளையைப் பார்த்து அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

மற்றப் பள்ளிகளிலும் வேலை மும்முரமாக நடந்தது. களக்காட்டுப் பக்கம் ஒரு தலைமையாசிரியர் கடமையுணர்ச்சி மேலிட்டு இரண்டு காந்தங்களுக்கும் வர்ணம் மாற்றிவிட்டார். அவை மறுபடியும் பழையபடியே நடந்துகொண்டன. அவரைத் தண்ணியில்லாத ஊருக்கு மாற்றினார்கள்.

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. பாடத்தின் அடுத்த பக்கத்தில், 'காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வடதுருவம் வடக்கு நோக்கி நிற்கும்' என்று இருந்தது. இப்போது ஒரு காந்தத்தின் சிவப்பு முனை பொதிகை மலையைப் பார்த்துத் திரும்பி அப்படியே வடக்கே போய் நின்றது. இன்னொன்றின் சிவப்பு முனை நேர் எதிரே தெற்கே நின்றது. பல பள்ளிகளிலிருந்து இது எந்தத் திசை என்று கேட்டு எழுதினார்கள். உடனே சுற்றறிக்கை வந்தது. 'இனி ஒரு சமயத்தில் ஒரு காந்தத்தை மட்டுமே தொங்கவிட வேண்டும். அதன் சிவப்பு முனை காட்டும் திசையே அன்றைய தினத்துக்கு வடக்கு எனக் கொள்ள வேண்டும்.'

அதைத் தொடர்ந்து இன்னொன்று: 'சில மாணவர்கள் தனியார் காந்தங்களை வைத்துக்கொண்டு அலுவலகக் காந்தங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதாக அறியப்படுகிறது. அவற்றைப் பறிமுதல் செய்து அனுப்புக.' சங்கரசுப்பிரமணியன் வாசலில் நின்று பிள்ளைகளின் பைகளைச் சோதித்தார். சைக்கிள் டைனமோவிலிருந்து எடுத்தது, உடைந்த பொம்மைக் காரிலிருந்து எடுத்தது, துபாய்ச் சித்தப்பா கொடுத்த பென்சில் டப்பாவின் மூடி, எல்லாம் ஒரு உரச் சாக்குக்குள் போயின. முத்துமாலையின் வட்டக் காந்தமும் போயிற்று. அதில் ஒட்டியிருந்த கருமணல் சாக்கின் வாயில் கொஞ்சம் கொட்டியது. அவள் அழவில்லை. கொட்டிய மணலைக் காலால் தரையோடு தேய்த்துவிட்டுப் போனாள்.

இவ்வளவும் வெற்றிகரமாக முடிந்ததைக் கொண்டாட நடுவப்பத்தில் 'காந்த விழா' வைத்தார்கள். ஆற்றங்கரை மைதானத்தில் பந்தல். ரேடியோ செட்டு அப்பாத்துரையுடையதுதான். நான்கு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார். ஸ்ரீகுமார் தலைமையேற்றுப் பேசினார்.

"இந்த ஒன்றியத்தில் இன்றைக்கு ஒரு தனியார் காந்தம்கூட இல்லை என்று பெருமையோடு அறிவிக்கிறேன்!" என்றார். ஒவ்வொரு குழாயின் தொண்டைக்குள்ளும் இருந்த காந்தத்தின் தயவால் அந்த அறிவிப்பு தாமிரபரணிக்கு அக்கரை வரைக்கும் கேட்டது.

அடுத்து, செயல்விளக்கம். வகுப்பில் முதல் மாணவி என்பதால் முத்துமாலையைத்தான் மேடையேற்ற வேண்டியிருந்தது. கோமு அவளை ஒரு வாரமாகத் தயார் செய்திருந்தாள். கேள்வி ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். பிள்ளை எண்ணெய் தேய்த்து, கனகாம்பரம் வைத்து, இரண்டு காந்தங்களோடு மேடையில் நின்றது.

"சொல்லு பாப்பா" என்று ஸ்ரீகுமார் மைக்கை அவள் பக்கம் நீட்டினார். "ஒத்த துருவங்கள் என்ன செய்யும்?"

முத்துமாலை கொஞ்சம் யோசித்தாள். குறும்பு கிடையாது. சரியான பதில் சொல்லி நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற ஆசைதான்.

"பெயின்ட் அடிக்கதுக்கு முந்தியா சார், அடிச்ச பெறவா?"

நான்கு குழாய்களிலும் அது தெளிவாகக் கேட்டது. கூட்டத்தில் முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு மைதானமே சிரித்தது. ஸ்ரீகுமாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மையப்பன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அம்மையப்பன் சிரிக்கவில்லை.

அப்பாத்துரைக்கு வாடகை கிடைக்கவில்லை. அதைவிட மோசம், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, பிள்ளையின் பேரை அடித்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவோம் என்றார்கள்.

"சின்னப் பிள்ள சார், தெரியாமக் கேட்டுட்டு" என்று அவர் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

சங்கரசுப்பிரமணியன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி செய்தார். அந்தக் கட்டம் கட்டிய வாக்கியத்தை முத்துமாலை நூறு தடவை எழுதித் தந்தால் போதும். வகுப்பாசிரியை பக்கத்தில் இருந்து எழுதி வாங்க வேண்டும்.

கோமு எழுதி வாங்கினாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, காலி வகுப்பறையில், எதிரே உட்கார்ந்து. பிள்ளை கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்.' 'ஒத்த துருவங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும்.' நடுவில் ஒரு தடவை தன்னையறியாமல் 'விலக்கும்' என்று எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, டீச்சரை நிமிர்ந்து பார்த்தாள். போதும் எழுந்து போ என்று சொல்ல வேண்டிய இடம் அது. கோமு அதைச் சொல்லவில்லை. ரப்பரை எடுத்து நீட்டினாள்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. "என்னாச்சு?" என்று நடராஜ் கேட்டான். "ஒண்ணும் ஆகல. அதான் எனக்கு ஓங்கரிச்சிட்டு வருது" என்றாள். அவனுக்குப் புரியவில்லை.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது 'அறிவியல் ஒளி' புதிய பதிப்பு வந்தது. கட்டம் கட்டிய வாக்கியம் மாறியிருந்தது. ஒத்த துருவங்கள் விலக்கும், எதிர்த் துருவங்கள் ஈர்க்கும். முன்னுரையில் ஸ்ரீகுமார், 'எமது ஆசிரியர் குழு இடைவிடாத ஆராய்ச்சியின் பயனாகக் கண்டறிந்த உண்மை இப்பதிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தார். அந்த ஆராய்ச்சிக்காக அவருக்குத் திருநெல்வேலியில் பொன்னாடை போர்த்தினார்கள். படம் பேப்பரில் வந்தது.

முத்துமாலை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். நான்காம் வகுப்புக்கு வந்திருந்த தங்கச்சியின் புதுப் புத்தகத்தைப் பார்த்தாளா என்று ஒருநாள் கோமு கேட்டாள். "பாத்தேன் டீச்சர்" என்றாள். "என்ன தோணுச்சு?" என்று கேட்டதற்கு, "எது பரீட்சைக்கு வரும்னு சொன்னா எழுதிருவேன்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

புத்தகம் திருந்தியதும் காந்தங்கள் மறுபடியும் குற்றவாளிகள் ஆயின. சிவப்பும் சிவப்பும் ஒட்டிக்கொள்ள, மாவட்டம் முழுக்கப் புகார். யார் இப்படி வர்ணத்தை மாற்றியது என்று மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அம்மையப்பன் கோப்பைப் புரட்டினார். கோமு கையெழுத்துப் போட்ட நடுவப்பத்துத் தாள்தான் முதலில் கிடைத்தது. கோமுவுக்குக் குறிப்பாணை வந்தது.

'அரசு உடைமையான காந்தத்துக்குத் தன்னிச்சையாக வர்ணம் மாற்றி, அறிவியல் உண்மைக்குக் களங்கம் விளைவித்து, இளம் உள்ளங்களைத் தவறான வழியில் செலுத்திய தங்கள் மீது…'

சங்கரசுப்பிரமணியன் அதற்குள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். விசாரணை ஒன்றிய அலுவலகத்தில். அதே மூன்று பேர். மூன்றாமவர் வரும்போதே தூங்கிக்கொண்டு வந்தார்.

கோமு முதல்நாள் முழுக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். கைக்குட்டையால் விரலைத் துடைத்ததைச் சொல்ல வேண்டும். 'எதை மாத்தது லேசு' என்று கேட்டதைச் சொல்ல வேண்டும். அந்த நூறு வாக்கியங்களை மேசை மேல் வைத்து, இதை யார் எழுதவைத்தது என்று கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

ஸ்ரீகுமார் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பழைய அன்பு மாறவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான் அம்மா. உங்களுக்கு அறிவியல் அடிப்படை தெரியுமா என்று குழு அறிய விரும்புகிறது. ஒத்த துருவங்கள் ஈர்க்குமா, விலக்குமா?"

கோமுவுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவர் முகத்தில் அறைவதுபோல் கேட்க வேண்டும் என்றுதான் கேட்டாள்:

"எந்தப் பதிப்புல சார்?"

அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீகுமாரின் முகம் மலர்ந்துவிட்டது. அம்மையப்பன் மேசையைத் தட்டினார்.

"பாத்தீங்களா சார்! நான் சொன்னேன்லா, நல்ல பிள்ளைன்னு!"

"அற்புதம்" என்றார் ஸ்ரீகுமார். "சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. எந்தப் பதிப்பு என்று கேட்கிறார். போன வருஷம் பார்த்த பெண்ணா இது? இப்போதுதான் அம்மா, நீங்கள் ஆசிரியை ஆகியிருக்கிறீர்கள்."

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"சொல்ல வேண்டியதில்லை. புரிந்துவிட்டது" என்று அவர் கையமர்த்தினார். குற்றச்சாட்டு அங்கேயே கைவிடப்பட்டது. வர்ணம் மாறியதற்கு வெயிலைக் காரணம் காட்டினார்கள். நிரந்தரம் ஆக்கும் உத்தரவில் அம்மையப்பன் அவள் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். இனி மற்ற ஆசிரியர்களுக்குக் காந்தப் பாடப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான் என்றார்கள். பியூன் தட்டில் லட்டு கொண்டுவந்தான். "எடுத்துக்கிடுங்கம்மா, எல்லாரும் சந்தோஷமா இருக்க நாளு" என்று அம்மையப்பன் ஒரு லட்டை எடுத்து அவள் கையில் திணித்தார். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோமு லட்டை வாயில் போட்டாள்.

உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லட்டை விழுங்கவில்லை. கேட்டைத் தாண்டினாள். டீக்கடையைத் தாண்டினாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் வாயிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். நடுரோட்டில் ஒருநாளும் துப்பியறியாத பெண், அங்கே சாக்கடையோரம் குனிந்து, லட்டையும் அதற்குப் பின்னால் வந்த எல்லாவற்றையும் குடல் புரளக் கக்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் தூக்குவாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். முதுகைத் தடவிக்கொடுத்தாள். கழுத்தில் தாலியைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"என்னம்மா, மசக்கையா?"

கோமு வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடியும் கொப்பளித்தாள்.

"இல்லக்கா" என்றாள். "வேலை நிரந்தரம் ஆயிட்டு."